பாட்டி வீட்டுக்குப் போகட்டும் அந்தப் பணம்: ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு உதவ நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் இருந்து சித்தி போன் செய்தார். சித்தப்பாவின் திதி வருகிறது. "அங்கேயே ஏதாவது அநாதை ஆசிரமத்துல பிள்ளைகளுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டுடு தம்பி. எவ்வளவு ஆகும்னு சொல்லு, அனுப்பிடுறேன்." நான் அப்போது நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் விசாரித்து, நகரத்தின் ஓரத்தில் இருந்த ஓர் இல்லத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை புலாவும் சப்பாத்தியும் ஒரு கேக்கும் எடுத்துக்கொண்டு போனேன். கென்யாவில் சப்பாத்தி என்பது பண்டிகைச் சாப்பாடு. நம்மூரில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்கிற ராத்திரிப் பலகாரம் அங்கே கிறிஸ்துமஸுக்குச் சுடுவது.

பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். சாப்பிடும்போது, ஒன்பது வயது இருக்கும் ஒரு பையன், சப்பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான். ராத்திரிக்கா என்று கேட்டேன். தங்கச்சிக்கு என்றான். தங்கச்சி எங்கே? "ஷோஷோவிடம்." ஷோஷோ என்றால் பாட்டி. பாட்டி வீடு எங்கே என்றால், மட்டாட்டு வேனில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம்.

பாட்டி இருக்கிறார், தங்கை இருக்கிறாள், பையன் மட்டும் அநாதை இல்லத்தில். இது எப்படி என்று முழுதாக விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கென்யாவில் இருந்து வரும், எனக்குப் பழக்கமான நாடு அது. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன; கென்யாவின் சட்டத்தை வைத்து கானாவில் நடக்க முடியாது.

படி 1: 'அநாதை' யார் என்று முதலில் கேளுங்கள்

யுனிசெஃப் கணக்குப்படி, அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளை மட்டுமல்ல, ஒருவரை இழந்த பிள்ளையும் அந்த எண்ணிக்கையில் வரும். அதாவது அப்பா இறந்து, அம்மா கூலிக்குப் போய் வளர்க்கிற பிள்ளையும் அதில் அடக்கம். தமிழில் 'அநாதை' என்று படித்ததும் நமக்கு நாதியற்ற குழந்தை கண்முன் வருகிறது. செய்தியில் பார்க்கும் எண்ணுக்கும் நம் மனதில் வரும் படத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் எச்.ஐ.வி. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தலைமுறைப் பெற்றோரை வாரிக்கொண்டு போனது. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை எடுத்து வளர்த்தது பாட்டிகளும் சித்திகளும் மாமாக்களும்தான். ஆனால் வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்த இடம் இல்லங்கள். இல்லத்தில் மூன்று வேளை சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மெத்தை. பாட்டியிடம் இதில் எதுவும் இல்லை. அப்போது பாட்டி என்ன செய்வார்? மூன்று பேரில் ஒருவனையாவது இல்லத்தில் சேர்ப்பார். அந்தச் சப்பாத்திப் பையன் அங்கே போனது அப்படித்தான். "இவன் பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும், ஸ்கூல் பீஸ் மட்டும் நான் கட்டுகிறேன்" என்று நிர்வாகியிடம் சொல்லிப் பார்த்தேன். இங்கே தங்கும் பிள்ளைக்குத்தான் கட்ட முடியும் என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்குக்காரனாகப் பார்த்தால் விஷயம் புரியும்: அந்த இல்லத்துக்குப் பணம் வருவது தலைக்கு இவ்வளவு என்று. ஒரு பிள்ளை வீடு திரும்பினால் வருமானம் குறையும். கட்டில் வாங்கிப் போட்டுவிட்டால் அதில் படுக்கப் பிள்ளை வேண்டும்.

இல்லத்தில் வளர்வது பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆய்வு ஒன்றில், இல்லத்துக் குழந்தைகளில் ஒரு பாதியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டிப் பழகுவதிலும் குடும்பத்துக்குப் போனவர்கள் முந்தினார்கள், அதிலும் சீக்கிரமே போனவர்கள் அதிகமாக முந்தினார்கள்.

படி 2: அந்த நாட்டு அரசு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

ருவாண்டா 2012-இல் இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தது. அப்போது எடுத்த கணக்கில் 33 இல்லங்களில் 3,323 பேர் இருந்தார்கள். சொந்தக் குடும்பத்துக்குப் போக முடியாத பிள்ளைகளை எடுத்து வளர்க்க முன்வந்தவர்களுக்கு அங்கே 'மலயிகா முரின்சி' என்று பெயர், காவல் தேவதை என்று அர்த்தம். கென்யா 2017 நவம்பரில் புதிய இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்தியது. 2022-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. உறவினர் வளர்ப்பு, வளர்ப்புக் குடும்பம், முஸ்லிம் முறைப்படி பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் கஃபாலா எல்லாம் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இல்லங்களில் இருந்து குடும்பங்களுக்கு மாறும் பத்தாண்டுத் திட்டம் 2032 வரை ஓடுகிறது.

ஆகவே இன்று யாராவது "கென்யாவில் புதிதாக ஆசிரமம் கட்டுகிறோம், ஒரு அறைக்கு உங்கள் அப்பா பெயர் வைக்கலாம்" என்று வந்தால், கட்டடத்தின் படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பதிவு எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.

படி 3: எந்த வேலைக்குப் பணம் என்று முடிவு செய்யுங்கள்

பள்ளிச் செலவில் இருந்து ஆரம்பிப்போம். கென்யாவில் தொடக்கக் கல்வி 2003 முதல் இலவசம். காகிதத்தில் அப்படித்தான். மேற்குக் கென்யாவில் சியாயா பக்கம் ஒரு பாட்டி வீட்டில் சுவரில் ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்கியது. அதில் அவர் பேத்தி பென்சிலில் எழுதி வைத்திருந்த கணக்கு: ஸ்வெட்டர், ஷூ, தேர்வுப் பணம், மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளி கேட்கும் மக்காச்சோளம், படிக்க மண்ணெண்ணெய். ஸ்வெட்டர் என்ற வரியில் மட்டும் இரண்டு கோடு அடித்திருந்தது. பள்ளிக்குப் பள்ளி நிறம் வேறு, குறிப்பிட்ட கடையில்தான் கிடைக்கும், அக்கா போட்டதைத் தங்கை போடலாம் என்றால் அக்கா படித்தது வேறு பள்ளி. ஸ்வெட்டர் இல்லாமல் போனால் வாசலில் இருந்தே திருப்பி அனுப்புவார்கள். இப்படி நாலு முறை திரும்பி வந்த பெண் ஐந்தாம் முறை போக மாட்டாள்.

இது என் கற்பனைக் கவலை இல்லை. மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய சோதனையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தார்கள். கிடைத்த பள்ளிகளில் படிப்பை நிறுத்துவது குறைந்தது. பெண் பிள்ளைகள் சின்ன வயதில் கர்ப்பமாவதும் கல்யாணம் ஆவதும் குறைந்தன. ஒரு சட்டையும் பாவாடையும் செய்த வேலை அது.

அடுத்தது நேரடியாகப் பணம். கென்ய அரசே 2004-இல் சிறிய அளவில் தொடங்கி, பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்கு மாதம் 2,000 ஷில்லிங் கொடுக்கிறது. கவனியுங்கள், வீட்டுக்குக் கொடுக்கிறது, இல்லத்துக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1998 முதல் குழந்தை ஆதரவுத் தொகை இருக்கிறது. "காசைக் கையில் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா" என்று நம் ஆட்கள் உடனே கேட்பார்கள். பாட்டிகளைப் பற்றியா இந்தச் சந்தேகம் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. பல பாட்டிகளுக்கு இந்தத் தொகைக்கு விண்ணப்பிக்கத் தேவையான அடையாள அட்டையோ பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோ இருக்காது. அதை வாங்கிக் கொடுக்க ஊரில் ஓர் ஆள் வைத்திருக்கும் அமைப்புக்கு நீங்கள் கொடுக்கும் தொகை, அரசுப் பணத்தை மாதாமாதம் அந்த வீட்டுக்கு இழுத்து வரும்.

மூன்றாவது, மாத்திரை போடும் பிள்ளைகள். பிறக்கும்போதே எச்.ஐ.வி. வந்தவர்கள் இப்போது பதின்வயதில், இருபதுகளில் இருக்கிறார்கள். தினமும் மாத்திரை போட வேண்டும், போடுவது யாருக்கும் தெரியக் கூடாது, ஹாஸ்டலில் பெட்டிக்குள் ஒளித்து வைக்க வேண்டும். ஜிம்பாப்வேயில் 2004-இல் தொடங்கிய 'ஸ்வாந்திரி' இதற்கு நல்ல வழி கண்டது. ஷோனா மொழியில் 'நான் இருக்கிறபடியே' என்று பொருள். அதே நோயோடு வாழும் கொஞ்சம் பெரிய இளைஞர்களுக்குப் பயிற்சியும் உதவித் தொகையும் கொடுத்து, சின்னவர்களின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் சொன்னால் தலையாட்டுகிற பிள்ளை, அக்கா சொன்னால் கேட்கும். இந்த வகை வேலைகள் பலவும் அமெரிக்க அரசுப் பணத்தை நம்பி இருந்தன. 2025 ஜனவரியில் அந்த உதவிகள் திடீரென்று நிறுத்தப்பட்டபோது களப்பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை பல இடங்களில் வந்தது. இன்று கொடுக்க ஒரு இடம் தேடினால் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

இன்னும் இரண்டைச் சொல்லி விடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 'இசிபிந்தி' என்ற முறையில், அண்ணனோ அக்காவோ தலைமையேற்று நடத்தும் வீடுகளுக்கு, அதே ஊரில் பயிற்சி பெற்ற ஒருவர் போய்ச் சமைப்பது, வீட்டுப்பாடம், மருந்து எல்லாவற்றுக்கும் துணை நிற்கிறார். காம்ஃபெட் அமைப்பு 1993-இல் ஜிம்பாப்வே கிராமங்களில் 32 பெண்களைப் படிக்க வைத்துத் தொடங்கியது. படித்து முடித்த பெண்களே சேர்ந்து அடுத்த செட்டுக்கு உதவுவதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பழைய துணி அனுப்பலாமா? வேண்டாம். நைரோபியின் கிகோம்பா சந்தையில் உலகத்துப் பழைய துணியெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கிறது.

படி 4: அமைப்பைத் துருவிப் பாருங்கள்

பதிவு சரிபார்ப்பது சுலபம். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பதிவான அமைப்பு என்றால் அங்குள்ள அறக்கட்டளை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அறங்காவலர் பெயர்களும் ஆண்டுக் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் சமூக மேம்பாட்டுத் துறை லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் என்.பி.ஓ. எண் கேளுங்கள். கென்யாவில் பொதுநல அமைப்புகளுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது, அதனால் பழைய சான்றிதழை மட்டும் காட்டினால் இப்போதைய நிலையையும் கேளுங்கள்.

கணக்கறிக்கை கிடைத்தால் எல்லோரும் முதலில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், அது ஏமாற்றும் எண். இந்தத் துறையில் வேலை என்பதே ஆள்தான். ஒரு சமூகப் பணியாளர் மட்டாட்டுவிலும் பைக்கிலும் போய் நாற்பது வீடுகளைப் பார்த்து வருவதற்கான சம்பளத்தை வெட்டிவிட்டு, அந்தக் காசில் அரிசி வாங்கிப் போட்டால் சதவீதம் அழகாக இருக்கும். "நூறு சதவீதமும் குழந்தைகளுக்கே" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் யார் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்ப்பது வேறு மூன்று இடங்கள். தணிக்கையாளர் கையெழுத்தும் அவர் சேர்த்திருக்கும் குறிப்பும். அமைப்போடு தொடர்புள்ளவர்களுக்குப் போன பணம், அதாவது நிறுவனரின் சொந்த வீட்டுக்கே அமைப்பு வாடகை கட்டுகிறதா என்பது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்தைத் தனியாக வைத்திருக்கிறார்களா.

கணக்கை விட உபயோகமானது நேரடியாகக் கேட்கும் கேள்விகள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? நல்ல அமைப்பு எண்ணைச் சொல்லும், கூடவே திரும்பிப் போய்ச் சரிவராமல் போன பிள்ளைகளைப் பற்றியும் சொல்லும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு இருக்கிறதா, கென்யா என்றால் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா? அங்கே உத்தரவு இல்லாமல் ஒரு பிள்ளையைத் தொடர்ந்து இல்லத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் சான்றிதழ் வாங்குகிறீர்களா? ஒரு பிள்ளைக்கு அங்கே யாராவது தொல்லை கொடுத்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? "எங்கள் இடத்தில் அப்படி எதுவும் நடக்காது" என்பதுதான் நீங்கள் கேட்கக்கூடிய மோசமான பதில். கென்யாவில் 116 என்ற இலவசக் குழந்தை உதவி எண் இருக்கிறது. அது பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதியிருந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

மாதாமாதம் ஒரு குழந்தையின் பேரில் பணம் கட்டும் திட்டங்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. கென்யா, உகாண்டா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு பெரிய அமைப்பின் திட்டத்தில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களை விடச் சராசரியாக ஒரு வருடத்துக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். எனக்குள்ள தயக்கம் இதுதான்: வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்க, ஒருவன் பெயருக்கு மட்டும் கடிதமும் பரிசும் வருவது. திட்டம் வீடு முழுவதற்கும் என்று இருந்தால் சேருங்கள்.

படி 5: பணம் அனுப்புவது

இந்தியாவில் இருந்து அனுப்புகிறவர்கள் எஃப்.சி.ஆர்.ஏ. என்று பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் வெளிநாட்டில் இருந்து உள்ளே வரும் நன்கொடைக்கு. வெளியே அனுப்புவது ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் வரும். தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வரம்பு, நன்கொடையும் அதில் அடக்கம். வங்கியில் ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுத்தால் 80ஜி என்று நாம் சொல்லும் நன்கொடை வரிச்சலுகை கிடையாது. உங்கள் ஊர்ச் சங்கமோ டிரஸ்டோ வசூல் செய்து அனுப்ப நினைத்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்; இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வரிவிலக்குக்கே சிக்கல் வரலாம். பிரிட்டனில் வரி கட்டும் தமிழர்கள் 'கிஃப்ட் எய்ட்' பெட்டியில் டிக் அடியுங்கள், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அமைப்புக்கு 25 பென்ஸ் கூடுதலாகப் போகும்.

எம்-பெசா என்பது கென்யாவில் மொபைல் வழியாகப் பணம் அனுப்பும் வசதி. யாருடைய சொந்த எம்-பெசா எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். பாதிரியார் என்றாலும் சரி.

படி 6: நேரில் போக ஆசை இருந்தால்

விடுமுறைக்கு மசாய் மாரா போகிறோம், ஒரு நாள் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரலாமே என்பார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் மடியில் ஏறும் பிள்ளையைப் பார்த்து உருகிப் போவார்கள். யார் என்றே தெரியாதவர் மடியில் ஒரு பிள்ளை உடனே ஏறுகிறது என்றால், வருவதும் போவதுமாக இருக்கும் ஆட்களுக்கு அது பழகிவிட்டது என்று அர்த்தம். அந்த இல்லத்துக்கு நான் நாலு ஞாயிறு போனேன், பிறகு வேலை மாறி நின்றுவிட்டேன். என்னைப் போல எத்தனை பேர் என்று கணக்குப் போட்டபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஐ.நா. பொதுச்சபையே 2019-இல் இந்த இல்லச் சுற்றுலாவைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

சுற்றுலா அனுமதியில் போய்த் தன்னார்வ வேலை செய்வது கென்யாவில் சட்டப்படி சரியில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கணக்கு வரும், பிசியோதெரபி வரும், கம்ப்யூட்டர் வரும் என்றால் அங்குள்ள பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், அதை மதுரையில் உட்கார்ந்துகொண்டே வாட்ஸ்அப் வீடியோவிலும் செய்யலாம். போட்டோ விஷயத்தில் எனக்கு ஒரு அளவுகோல்: உங்கள் பிள்ளையை இந்தக் கோலத்தில் ஒருவர் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் சும்மா இருப்பீர்களா?

படி 7: ஏற்கெனவே ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவருகிறீர்களா

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பணம் நின்றால் முதலில் குறைவது பிள்ளைகளின் தட்டில்தான். நிர்வாகியிடம் பேசுங்கள்: "அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு என் தொகை குறையாது, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தாலும் குறையாது. அதில் ஒரு பங்கை வைத்து ஒரு சமூகப் பணியாளரை நியமியுங்கள்." பிள்ளை போனால் வருமானம் போகும் என்ற பயம் இந்த ஒரு வாக்கியத்தில் பாதி போய்விடும்.

அதன் பின் நடப்பது மெதுவான வேலை. குடும்பத்தைத் தேடுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, பிள்ளை ஏன் வந்தது என்ற காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. அடிக்கும் சித்தப்பா காரணம் என்றால் அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வேறு உறவோ வளர்ப்புக் குடும்பமோ தேட வேண்டும். முதலில் ஒரு சனி ஞாயிறு, பிறகு ஒரு பள்ளி விடுமுறை, பிறகு நிரந்தரமாக. போன பிறகும் பல மாதங்கள் போய்ப் பார்த்துவர வேண்டும். வேனில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்துவிட்டு, "எல்லோரையும் குடும்பத்தோடு சேர்த்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதும் இடங்களும் உண்டு. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் கடைசிவரை இல்லத்திலேயே தங்கிவிடுவதும் வழக்கம். அவர்களுக்கு என்ன திட்டம் என்று தனியாகக் கேளுங்கள்.

படி 8: பதினெட்டுக்கு அப்புறம்

பதினெட்டு ஆனதும் இல்லத்தில் இருந்து கிளம்ப வேண்டும். கென்யாவில் தேசிய அடையாள அட்டை வாங்கப் பெற்றோர் விவரம் கேட்பார்கள். இல்லத்தில் வளர்ந்தவனிடம் அது இருக்காது. அட்டை இல்லாமல் சிம் வாங்க முடியாது, சிம் இல்லாமல் எம்-பெசா இல்லை, எம்-பெசா இல்லாதவனுக்குக் கூலி கொடுப்பதே கஷ்டம். இல்லங்களில் வளர்ந்தவர்களே சேர்ந்து நடத்தும் கென்யா சொசைட்டி ஆஃப் கேர் லீவர்ஸ் போன்ற அமைப்புகளுக்கு இந்தச் சிக்கல் எல்லாம் அத்துப்படி.

தொழில் கற்க உதவுவதென்றால் 'ஜுவா கலி'யை மறக்காதீர்கள். 'கடும் வெயில்' என்று பொருள். தெருவோரப் பட்டறைகளுக்கு அந்தப் பெயர். ஒரு நல்ல 'ஃபுண்டி'யிடம், அதாவது வெல்டரோ தையல்காரரோ மெக்கானிக்கோ, ஒரு வருடம் பழகி, அரசின் தொழில்தேர்வு எழுதி, கையில் சொந்தமாக ஒரு டூல் பாக்ஸும் இருந்தால் பையன் பிழைத்துக்கொள்வான். பயிற்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் டூல் பாக்ஸை மறந்துவிடுகிறார்கள்.

படி 9: எப்போது அனுப்புவது

கென்யப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜனவரியில் கடைகளில் ஸ்வெட்டர் கிடைக்காது, கிடைத்தால் விலை ஏறியிருக்கும். ஆகவே பள்ளிச் செலவுக்கான பணம் நவம்பர் இறுதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

சித்திக்கு இதில் உடன்பாடு இல்லை. திதி ஆடியில் வருகிறது, அன்றைக்கே போட்டால்தானே கணக்கு என்றார். ஆடியில் நீங்கள் அனுப்புங்கள், அங்கே பாட்டிகளுக்கு உதவும் அமைப்பு அதைத் தனியாக வைத்திருந்து நவம்பரில் செலவு செய்யும், ரசீதில் ஆடித் தேதிதான் இருக்கும் என்று சொன்ன பிறகு ஒருவழியாகச் சரி என்றார். ஆனாலும் ஒரு வேளையாவது பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று நிற்கிறார். அதனால் வருடா வருடம் அந்த அமைப்பு பாட்டிகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பட்டியலில் ஸ்வெட்டர், ஷூவுக்குக் கீழே வீட்டுக்கு இரண்டு கிலோ கோதுமை மாவும் ஒரு வரியாக இருக்கிறது.